புதுப்பிப்பு: வாவிச் சூழலியல் பாடம் பாஸ் ஆகிவிட்டது

மட்டக்களப்பு வாவியை வைத்து எழுதிய 2 கிரடிட் பாடத்தை எங்கள் பீடத்தின் பாடவிதானக் குழு இரண்டு தடவை திருப்பி அனுப்பியதாக முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா, போன வாரம் பல்கலைக்கழக மூதவையும் (செனட்) அனுமதித்துவிட்டது. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது "மணித்தியாலக் கணக்கைப் பார்" என்ற யோசனைதான். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு கிரடிட் என்றால் மாணவரின் 50 மணித்தியால உழைப்பு, ஆக 2 கிரடிட்டுக்கு 100. நானோ 30 மணித்தியால விரிவுரையை மட்டும் காட்டிவிட்டு, மிச்சம் 70 எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று இருந்திருக்கிறேன்! வெளிக்கள வேலை, சுயகற்றல், ஒப்படை எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொரு கற்றல் பேறும் (பாடம் முடிய மாணவருக்கு வரவேண்டிய அறிவு, திறன்) எந்த மதிப்பீட்டில் சோதிக்கப்படும் என்று ஒரு அட்டவணையும் சேர்த்தேன். அப்புறம் குழுவில் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

எதிர்பாராதது பீடச்சபையில் வந்தது. பக்கத்துத் துறையில் கண்டல் தாவரங்கள் பற்றி ஏற்கெனவே ஒரு பாடம் இருக்கிறதாம், அவர்களிடம் ஆட்சேபனை இல்லை என்று கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அதற்கே மூன்று வாரம் போனது, முதலிலேயே ஒரு தேத்தண்ணியோடு பேசியிருந்தால் முடிந்திருக்கும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் போகவேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தேவைப்படவில்லை, புதிய பட்டநெறி என்றால்தான் அங்கே போகவேண்டும்.