கேம் ஓடும்போது மட்டும் யுபிஎஸ் கைவிடுகிறது, உதவி தேவை

கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது, அதுவும் கேம் ஓடும்போது மட்டும். பிரவுசரோ படமோ ஓடினால் யுபிஎஸ் ஒழுங்காகத் தாங்குகிறது.

இருப்பது தஞ்சாவூர் பக்கம். ஆடிக்காற்று ஆரம்பித்ததிலிருந்து சாயங்காலம் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. வெளியூரில் இருக்கும் தம்பியுடன் ஆன்லைனில் விளையாடும் நேரமும் அதுதான். நாங்கள் நிதானமாகப் பேசிக்கொள்வதே அப்போதுதான் என்பதால், பாதியில் அறுந்துபோவது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் போன தீபாவளிக்கு அசெம்பிள் செய்தது: ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை (ஆக்டிவ் பிஎஃப்சி, அதாவது கரண்டை அதன் அலைக்கு ஒத்து இழுக்கும் சர்க்யூட், உள்ளது). யுபிஎஸ் பழையது, 600 விஏ, 360 வாட். பிராசசருக்கு 65 வாட், கிராபிக்ஸ் கார்டுக்கு 170 வாட் என்று கணக்குப் போட்டால் தாங்க வேண்டும்.

முதலில் யுபிஎஸ் பேட்டரியை மாற்றினேன், 12 வோல்ட் 7 ஏஹெச். பலன் இல்லை. மானிட்டரையும் மோடத்தையும் வேறு பிளக்குக்கு மாற்றினேன். கேம் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு (60 எஃப்பிஎஸ்) மேல் போகாமல் கட்டுப்படுத்தி, கார்டின் பவர் லிமிட்டையும் குறைத்தேன். இப்போது சில நேரம் தப்பிக்கிறது, பல நேரம் இல்லை. சூடு பிரச்சினை இல்லை, கார்டு 70 டிகிரியைத் தாண்டுவதில்லை. அணையும்போது யுபிஎஸ்ஸில் ஓவர்லோடு பீப்பும் வருவதில்லை. அதனால்தான் இந்த யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது தரும் சிமுலேட்டட் சைன் வேவ் (வீட்டு கரண்டின் சீரான அலைக்குப் பதிலாகப் படிப்படியாக வரும் அலை) ஆக்டிவ் பிஎஃப்சிக்கு ஒத்துவரவில்லையோ என்று சந்தேகம்.

இதே மாதிரி பவர் சப்ளை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: 1000 விஏ பியூர் சைன் வேவ் யுபிஎஸ்ஸுக்கு மாறினால் இது தீருமா?