ஜாப் குத்தும்போதெல்லாம் எதிராளியின் வலக்கை உள்ளே வருகிறது: எதைத் திருத்த வேண்டும்?

நிழல்சண்டை:
வணக்கம். நான் இடக்காலை முன்வைத்து, ஆர்த்தடாக்ஸ் நிலையில் நின்று சில மாதங்களாகக் குத்துச்சண்டை பயின்று வருகிறேன். தொங்கும் பயிற்சிப் பையில் குத்தும்போது என் ஜாப் (முன்னிற்கும் இடக்கையால் விடும் நேர்க்குத்து) நேராகவும் வேகமாகவும் போகிறது. ஸ்பாரிங்கில் (கூட்டாளியுடன் ஆடும் பயிற்சிச் சண்டையில்) இறங்கினாலோ, நான் ஜாப் குத்தும்போதெல்லாம் எதிரில் நிற்பவரின் வலக்கை என் இடது தோளுக்கு மேலாக வந்து தாடையில் விழுகிறது. வேகம் போதவில்லையா, அடிப்படையிலேயே பிழையா? வீட்டில் தனியாகச் செய்யக்கூடிய பயிற்சி இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பழைய கையுறை:
நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், குறை கை போகும் வேகத்தில் இல்லை. திரும்பி வரும் பாதையில் இருக்கிறது. கன்னத்தருகிலிருந்து புறப்பட்ட முஷ்டி அதே கோட்டில், அதே உயரத்தில் திரும்ப வேண்டும். பலர் குத்து பட்டதும் கையை மார்பளவுக்குத் தாழவிட்டு, அதன்பிறகே முகத்தைக் காக்கும் கார்டு நிலைக்கு ஏற்றுகிறார்கள். பை திருப்பி அடிப்பதில்லை என்பதால் அங்கே இது தெரியவே தெரியாது.

பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியனான ஜோ லூயிஸுக்கே இந்தக் குறை இருந்தது. அவ்வளவு கடுமையான ஜாப் கொண்டிருந்தவர், குத்தியபின் இடக்கையைத் தாழ்த்துவதை ஜெர்மன் வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் முன்கூட்டியே கவனித்து வைத்திருந்தார். 1936 ஜூனில் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் அந்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் வலக்கையை இறக்கி, 4ஆவது சுற்றில் ஒருமுறை வீழ்த்தி, 12ஆவது சுற்றில் நாக் அவுட் செய்தார். தொழில்முறைப் போட்டிகளில் அதுவே லூயிஸின் முதல் தோல்வி. 1938இல் நடந்த மறுபோட்டியை லூயிஸ் முதல் சுற்றிலேயே முடித்துவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கண்ணாடி முன் நின்று மெதுவாகக் குத்துங்கள். கட்டைவிரல் கன்ன எலும்பைத் தொட்ட பிறகே ஒரு ஜாப் முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

மூன்றாம் சுற்று:
மேலே சொன்னது சரியே. ஆனால் கை திரும்புவதை மட்டும் திருத்தினால் போதாது என்று நினைக்கிறேன். குத்து கிளம்பும் முன்பே முழங்கை வெளிப்பக்கம் விரிந்தால், அனுபவமுள்ளவர் அதைப் பார்த்தே தம் வலக்கையைக் கிளப்பிவிடுவார். இடத் தோள் சுவரை ஒட்டினாற்போல் நின்று ஜாப் குத்திப் பாருங்கள். முழங்கை விரிந்தால் சுவரில் இடிக்கும், வேறு ஆள் வந்து சொல்ல வேண்டியதில்லை. முஷ்டி கடைசிக் கணத்தில் உள்ளங்கை கீழ்நோக்கும்படி திரும்பும்போது தோளும் உயர்ந்து தாடையை மறைக்க வேண்டும். அப்படி மறைத்தால், மேலாக வரும் வலக்கை பெரும்பாலும் தோளில்தான் படும்.

தூரத்தையும் கவனியுங்கள். எட்டாத இடத்திலிருந்து குத்துபவர் தலையை முன்முழங்காலைத் தாண்டி நீட்டுகிறார். அடி வாங்குவது அந்தத் தலைதான். பின்காலால் தரையை உந்தி, முன்காலைச் சிறிது எடுத்து வைத்து, அது தரையில் படும் கணத்தில் குத்தும் சேர வேண்டும்.

நிழல்சண்டை:
இருவருக்கும் மிக்க நன்றி. சுவர்ப் பயிற்சியில் முழங்கை உண்மையாகவே இடித்தது. மெதுவாகச் செய்யும்போது கையும் ஒழுங்காகத் திரும்புகிறது. ஆனால் 3 நிமிடச் சுற்றின் பாதியிலேயே தோள் எரிந்து, கை தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

பழைய கையுறை:
முஷ்டியைத் தொடக்கத்திலிருந்தே இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். கை தளர்வாகக் கிளம்பட்டும். படும் கணத்தில் மட்டும் இறுக்கி, மூச்சைச் சட்டென்று வெளியே விடுங்கள். எல்லா ஜாபும் பலமாக இருக்க வேண்டியதில்லை. 1978 முதல் 1985 வரை ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த லாரி ஹோம்ஸின் ஆட்டத்தைப் பாருங்கள்: தூரம் அளக்க ஒன்று, பார்வையை மறைக்க ஒன்று, நோகடிக்க ஒன்று என்று ஒரே கையில் பலவகை ஜாப் வைத்திருந்தார்.

ஸ்பாரிங் கூட்டாளியிடம் பேசி, நீங்கள் ஜாப் மட்டும், அவர் வலக்கை மட்டும் என்று மெதுவாக ஒரு சுற்று ஆடுங்கள். அவர் கையுறை உங்கள் தாடையைத் தொடாமல் அந்தச் சுற்று முடிந்தபிறகு வேகத்தைக் கூட்டலாம்.