மாவு பூசிய கறுப்புத் தொப்பி: கோதிக் கௌபாய்களை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

வடகாற்று

போன அக்டோபர் கடைசியில் விட்பிக்குப் போயிருந்தேன். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் மீன்பிடி ஊர். 1994 முதல் அங்கே கோத் கூட்டம், அதாவது இருட்டான இசையும் கறுப்பு உடையும் பிடித்தவர்களின் கூட்டம், கூடுகிறது. கறுப்புப் பட்டு, இறுக்கிக் கட்டிய கோர்செட், விக்டோரியா காலத்து உயரத் தொப்பி எல்லாம் எதிர்பார்த்ததுதான். இடிந்த மடாலயத்துக்கு ஏறும் 199 படிகளில் மூச்சு வாங்க நின்றபோது எதிரே இறங்கி வந்த ஒரு குழுவைப் பார்த்துத்தான் குழம்பிப்போனேன். அகல விளிம்புத் தொப்பி, கணுக்கால் வரை தொங்கும் கோட்டு, கௌபாய் பூட்ஸ், தோளிலும் தொப்பியிலும் வெள்ளைத் தூள். எல்லாருக்கும் ஐம்பதுக்கு மேல் இருக்கும். பாலைவனத்தில் குதிரை ஓட்டி வந்த கோலம். கீழே பார்த்தால் குளிரில் நடுங்கும் வட கடல். அது என்ன தூள் என்று ஒருவரிடம் கேட்டேன். "மாவு" என்றார், சிரிக்காமல்.

கோட்டை, கல்லறை, இருட்டு என்று இருக்கும் கோதிக்கும், வெயிலில் காயும் கௌபாயும் எப்படி ஒட்டிக்கொண்டன? நீங்கள் எங்கே பார்த்தீர்கள், சொல்லுங்கள்.

பழைய கேசட்

தம்பி, நீங்கள் பார்த்தது நெஃபிலிம் ரசிகர்களை. ஃபீல்ட்ஸ் ஆஃப் த நெஃபிலிம் என்று ஒரு இசைக்குழு. 1984இல் ஸ்டீவனேஜில் ஆரம்பித்தார்கள். லண்டனுக்கு வடக்கே இருக்கும் ஊர்; போருக்குப் பிறகு 1946இல் அரசாங்கம் திட்டமிட்டு எழுப்பிய முதல் 'புதுநகரம்' அது. நான் அந்தப் பக்கத்தில்தான் படித்தேன். காங்கிரீட், ரவுண்டானா, பஸ் நிலையம், அவ்வளவுதான் ஊர். பாலைவனமும் கிடையாது, பாழடைந்த கோட்டையும் கிடையாது. அங்கே வளர்ந்த பையன்கள் இத்தாலியர்கள் எடுத்த கௌபாய் படங்களைப் பார்த்துவிட்டு அந்தத் தூசிக்கு ஆசைப்பட்டார்கள். தூசிக்கு எங்கே போவது? கோட்டின் மேல் மாவைக் கொட்டிக்கொண்டு மேடையேறினார்கள்.

1987இல் வந்த அவர்களுடைய முதல் முழு ஆல்பமே அந்தப் படங்களுக்கு இசையமைத்த என்னியோ மோரிக்கோனியின் ஹார்மோனிகா மெட்டோடுதான் தொடங்கும். பிறகு பாடகர் கார்ல் மெக்காயின் அந்த அடித்தொண்டைக் குரல். எண்பதுகளின் கடைசியில் ஒரு கச்சேரிக்குப் போனேன். அரங்கில் புகையை விட்டுவிட்டார்கள், பாடுகிறவர் முகமே தெரியவில்லை, தொப்பி மட்டும் தெரிகிறது. முன்வரிசைப் பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் கட்டினார்கள். அந்த ரசிகர்களின் வழக்கம் அது. கோபுரம் சரிந்தால் கீழே பிடிக்க ஆள் இருக்கும். கூட்டத்தில் பழுப்புத் தோல்காரன் நான் ஒருத்தன்தான். தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டுப் போனான் எவனோ.

வடகாற்று

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி. மாவைத் துவைப்பது எப்படி என்று யாராவது சொல்வீர்களா? ஒருவர் என் கம்பளிக் கோட்டிலும் தட்டிவிட்டார்.

பழைய கேசட்

மன்னிக்கணும்மா. தண்ணீர் மட்டும் காட்டாதே, பசையாகிவிடும். காய்ந்த பிரஷ் போட்டுத் தேய்.

நூலகப் பூனை

விட்பியில் கௌபாய் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ரத்தக்காட்டேரி டிராகுலா இங்கிலாந்தில் கரையேறும் ஊரே அதுதான். 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'விலேயே ஒரு டெக்சாஸ்காரன் இருக்கிறான்: குவின்சி மோரிஸ். கதையில் வரும் லூசி என்ற பெண்ணை மணக்கக் கேட்கும் மூன்று பேரில் ஒருவன். பல படங்களில் அவனை வெட்டி எறிந்துவிட்டார்கள், அதனால் நிறையப் பேருக்குத் தெரியாது. கடைசி அத்தியாயத்தில் டிராகுலா பிரபுவைக் கொல்வது யார் என்று நினைக்கிறீர்கள்? காட்டேரி வேட்டைக்குத் தலைமை தாங்கும் வான் ஹெல்சிங் இல்லை. மரக்குச்சியும் இல்லை. கதாநாயகன் ஹார்க்கர் கழுத்தை அறுக்க, குவின்சி தன்னுடைய போவி கத்தியை நெஞ்சில் இறக்குகிறான். அந்தச் சண்டையில் பட்ட காயத்தில் அவனும் செத்துப்போகிறான். டிரான்சில்வேனியப் பனியில் வின்செஸ்டர் துப்பாக்கிகளோடு குதிரைத் துரத்தல் வேறு. கௌபாய் கிளைமாக்ஸ்தானே அது!

இன்னொன்றும் உண்டு. 'பஃபலோ பில்' என்ற அமெரிக்கர் தன்னுடைய கௌபாய் காட்சிக் குழுவோடு லண்டனுக்கு வந்தது 1887இல். அப்போது ஸ்டோக்கர் அதே லண்டனில் லைசியம் நாடக அரங்கின் மேலாளர். கதை அங்கிருந்துதான் முளைத்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காலத்து லண்டன்வாசிக்குக் கௌபாய் கண்ணுக்குத் தெரியாத ஆள் இல்லை.

மலைச்சரிவு

அமெரிக்காவில் டென்வர் பக்கம் வேலை பார்க்கிறேன். இங்கே இந்தக் கலவைக்குப் பேரே 'டென்வர் சவுண்ட்'. சிக்ஸ்டீன் ஹார்ஸ்பவர் என்ற குழுதான் அதற்குத் தலை; 2005இல் கலைந்துவிட்டது. பாடகர் டேவிட் யூஜின் எட்வர்ட்ஸின் தாத்தா ஊர் ஊராய்ப் போன பிரசங்கியார். பேரன் பாட்டிலும் அதே நரக நெருப்பு. கையில் பாஞ்சோவும் பழைய துருத்திப்பெட்டியும், பாட்டுகளில் பாவம், தீர்ப்பு, ரத்தம். மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் குழுவின் பாட்டைக்கூட எடுத்துப் பாடியிருக்கிறார்கள், கொஞ்சமும் ஒட்டாமல் இல்லை.

வந்த புதிதில் இதை நான் வெறும் வேஷம் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு வாரக்கடைசியில் செயின்ட் எல்மோ என்ற பேய் ஊருக்குப் போனோம். 1880இல் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஆசைப்பட்டு எழுந்த மலையூர். சுரங்கம் வற்றியது, 1922இல் ரயிலும் நின்றது, ஜனம் போய்விட்டது. தெரு அப்படியே நிற்கிறது. மரக்கடைகள், மரத்தாலான நடைபாதை, உள்ளே யாரும் இல்லாத ஜன்னல்கள். ஐரோப்பாக்காரனுக்கு இடிந்த மடாலயம் எதுவோ, இங்கே அதுதான் இது. பகல் பன்னிரண்டு மணிக்கு முதுகு சில்லிட்டது. கோதிக்குக்கு இருட்டு கட்டாயம் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கைவிட்டுப் போன இடமாக இருந்தால் போதும்.

சிவகாசிச் சந்தாதாரர்

எல்லாரும் வெளிநாட்டிலேயே சுத்துறீங்க. நான் இதைப் பார்த்தது சின்ன வயசுல லயன் காமிக்ஸ்லங்க. நம்ம டெக்ஸ் வில்லர்! 1948இல் இத்தாலியில் ஜியான் லூயிஜி பொனெல்லியும் ஓவியர் கலெப்பினியும் உருவாக்குன ஆளு. மஞ்சச் சட்டை, ரெண்டு துப்பாக்கி, நேருக்கு நேர் சண்டை. அவருக்குப் பரம விரோதி யாரு? மெபிஸ்டோ! மேடையில் மாயவித்தை காட்டினவன் நிஜ மந்திரவாதியா மாறி, கறுப்பு அங்கியில் உட்கார்ந்து ஏவல் பில்லிசூனியம் பண்ணுவான். அவன் போனா அவன் மகன் யாமா. கரண்ட் இல்லாத ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல படிச்சது. துப்பாக்கிக்குப் பயப்படாத வில்லன் வந்தா டெக்ஸ் என்ன பண்ணுவார்னு தூக்கமே வரல.

இத்தாலிக்காரங்களுக்கு இந்தக் கிறுக்கு ரத்தத்திலேயே இருக்கு போல. 1966இல் செர்ஜியோ கோர்புச்சி எடுத்த 'ஜாங்கோ' பாருங்க. ஹீரோ குதிரையில வரமாட்டான். சேத்துல சவப்பெட்டியை இழுத்துக்கிட்டு நடந்து வருவான். உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காதவங்களுக்குச் சொல்லமாட்டேன்.

இரவுக்காட்சி

கேத்ரின் பிகலோவின் 'நியர் டார்க்', 1987. கல்லூரி விடுதியில் நள்ளிரவில் போட்டார்கள். ரத்தம் குடிக்கிறவர்கள் வேனில் அலைகிறார்கள், ஆனால் 'வேம்பயர்' என்ற சொல்லைப் படத்தில் ஒருவரும் உச்சரிக்கமாட்டார்கள். அந்த வெட்டவெளியில் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை, விடிந்தால் சாவு. மேலே தங்கச்சி கேட்ட கேள்விக்கு என் பதில் அந்தப் படம்தான்.

கடைக்காரி

டொராண்டோவில் துணிக்கடையில் நிற்கிறேன். 2024இல் பாடகி பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' ஆல்பம் வந்த பிறகு தொப்பி கேட்காத நாள் இல்லை. கறுப்புத் தொப்பி, வெள்ளி மண்டையோடு வைத்த கயிற்று டை, சரிகைக் கையுறை என்று ஒரு தொகுப்பாகவே வாங்குகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருத்தர் முகத்திலும் கொஞ்சம்கூடச் சாவுக்களை இல்லை, எல்லாரும் புது சோப்பு வாசனையோடு வருகிறார்கள். முகத்தை மறைத்துக் குஞ்சம் தொங்க வந்த பாடகர் ஆர்வில் பெக் மாதிரி ஒருத்தர் உள்ளே நுழைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மலைச்சரிவு

ஜானி கேஷை யாரும் சொல்லவில்லையே? ஏன் கறுப்பு உடுத்துகிறேன் என்று 1971இலேயே பாட்டாகப் பாடினார்: ஏழைகளுக்காக, சிறையில் கிடப்பவர்களுக்காக. கடைசிக் காலத்தில் நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவின் பாட்டையே எடுத்துப் பாடி உலகத்தை அழவைத்தார்.

பழைய கேசட்

கேஷ் அமெரிக்கக் 'கன்ட்ரி' பாடகர். துக்கமாகப் பாடுகிறவர்களை எல்லாம் கோத் கணக்கில் எழுதினால் ஒப்பாரி வைக்கிறவர்களையும் சேர்க்க வேண்டிவரும். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

மலைச்சரிவு

சேர்த்தால் என்ன தப்பு? நாளைக்குக் காலை ஷிஃப்ட். வந்து சண்டை போடுகிறேன்.