இரவானால் ஏசி குளிர்விப்பதில்லை: காளான் அறைக்கு உதவி தேவை

கேள்வி: கட்டபெட்டு, கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்கட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் இருந்த அறைக்குத் தெர்மாகோல் ஒட்டி, அதில் நானும் என் மாமியாரும் மொட்டுக் காளான் வளர்க்கிறோம். ரகம் ஊட்டி 1; இப்போது 90 கம்போஸ்ட் பைகள் வைத்திருக்கிறோம். பூசண இழை பரவும் நாட்களில் 22 முதல் 25 டிகிரி வரை இருந்தாலே போதும் என்பதால் ஏசியின் தேவையே ஏற்படவில்லை. மேல்மண் இட்டு மொட்டு விடும் கட்டத்தில் அறை 15 முதல் 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். அதற்காகவே ஒரு டன் ஸ்பிளிட் ஏசி வாங்கி மாட்டினோம். அது இன்வெர்ட்டர் வகை அல்ல, கேஸ் ஆர்-32.

பகல் முழுவதும் அறை 17 டிகிரியில் நிற்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் காற்று வருவது படிப்படியாகக் குறைந்து, விடியற்காலையில் பார்த்தால் அறை 21 டிகிரிக்கு ஏறியிருக்கிறது. அவுட்டோர் யூனிட் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. சமவெளியிலிருந்து வந்த மெக்கானிக் கேஸ் குறைந்துவிட்டதாகச் சொல்லி மூன்று முறை ஏற்றிவிட்டார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டு மறுபடியும் அதே கதையாகிறது. போதாக்குறைக்குக் காளான்களும் காம்பு நீண்டு, குடை சிறுத்து வருகின்றன. ஏசியை மாற்றுவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: காரமடை

90 பைகளின் சூட்டுக்கு ஒரு டன் போதாது என்று நினைக்கிறேன். ஒன்றரை டன்னாக மாற்றிப் பாருங்கள். ஸ்டெபிலைசர் இல்லையென்றால் அதையும் வாங்கிவிடுங்கள். மலையில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்குவது வழக்கம்.

பதில்: குன்னூர், ஓய்வுபெற்ற குளிர்சாதன மெக்கானிக்

அம்மா, பணத்தைச் செலவழிப்பதற்கு முன் மூன்று விவரங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். முதலாவது, காற்று குறைந்திருக்கும் நேரத்தில் இன்டோர் யூனிட்டின் மேல்மூடியைத் திறந்து, ஃபில்டரை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துக் காயிலை, அதாவது உள்ளே கேஸ் ஓடிக் குளிரும் குழாய்ச் சுருளைப் பாருங்கள். பனிக்கட்டி படிந்திருந்தால் அது ஒரு மூலையில் மட்டும் இருக்கிறதா, முழுக் காயிலையும் மூடியிருக்கிறதா என்பது எனக்கு முக்கியம். இரண்டாவது, அதே நேரத்தில் வெளியே எத்தனை டிகிரி இருக்கிறது. மூன்றாவது, மெக்கானிக் கேஜ் (கேஸின் அழுத்தத்தைக் காட்டும் மானி) மாட்டியபோது என்ன அளவு காட்டியது, அவர் வந்தது பகலிலா இரவிலா.

மின்னழுத்தத்தின் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. அது இறங்கினால் கம்ப்ரஸர் திணறி நின்றுவிடும். உங்களுடையது நிற்காமல் ஓடுகிறது.

கேள்வி கேட்டவர்

ஐயா, நேற்று இரவு பதினொரு மணிக்குப் பார்த்தோம். காயில் முழுவதும் வெள்ளையாகப் பனிக்கட்டி மூடியிருக்கிறது. வெளியே போகும் தடித்த குழாயிலும் இன்சுலேஷன் முடியும் இடத்தில் பனி இருந்தது. அப்போது வெளியே 10 டிகிரி. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வந்தார். கேஜில் 95 காட்டுவதாகவும், 120-க்குக் குறையக் கூடாது என்றும் சொன்னார். ஃபில்டரில் தென்னை நார்த்தூள் அப்பியிருந்தது, கழுவிவிட்டோம். சத்தமாக இருக்கிறது என்று ஃபேன் வேகத்தைக் குறைவிலேயே வைத்திருந்தோம்.

பதில்: குன்னூர், ஓய்வுபெற்ற குளிர்சாதன மெக்கானிக்

நான் நினைத்ததும் இதைத்தான். உங்கள் ஏசியில் பழுது இல்லை. அதற்கு ஒத்துவராத குளிரில் அதை ஓட்டுகிறீர்கள்.

வீட்டு ஏசியின் திறனை அறைக்குள் 27 டிகிரியும் வெளியே 35 டிகிரியும் இருக்கும் நிலையில்தான் அளந்து குறிக்கிறார்கள். வெளியே சூடாக இருக்கும்போது அவுட்டோர் யூனிட்டில் அழுத்தம் உயர்ந்து நிற்கும். அந்த அழுத்தம்தான் திரவமான கேஸைக் கேப்பிலரி என்னும் மெல்லிய குழாய் வழியாக இன்டோர் காயிலுக்குள் தள்ளுகிறது. வெளியே 10 டிகிரிக்கு இறங்கினால் அந்த அழுத்தமும் விழுந்துவிடும். காயிலுக்குப் போதிய கேஸ் வராமல் உள்ளே இருப்பதும் மிகக் குறைந்த அழுத்தத்தில் கொதிக்கும். காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். ஆர்-32 பூஜ்ஜிய டிகிரியில் கேஜில் ஏறத்தாழ 103 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டும். நம் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அதே கேஜ் இன்னும் 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். ஆகவே 95 என்றால் காயில் உறைநிலைக்குக் கீழே இருக்கிறது என்பதே பொருள். கோடை வெயிலில் கோயம்புத்தூரில் பார்க்க வேண்டிய 120-ஐ, மாசி மாதக் குளிரில் கோத்தகிரியில் தேடியதால்தான் அவருக்குக் கேஸ் குறைந்ததாகத் தோன்றியிருக்கிறது.

உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால் அடையாளம் வேறாக இருக்கும். கேப்பிலரி முடிந்து காயில் தொடங்கும் பகுதியில் மட்டும் பனி கட்டும், மிச்சக் காயில் வெதுவெதுப்பாக இருக்கும், பகலிலும் அறை குளிராது. உங்களுக்கு முழுக் காயிலும் மூடியிருக்கிறது, பகலில் நன்றாக ஓடுகிறது. கேஸ் ஏற்றிய பின் இரண்டு நாள் ஓடியதற்குக் காரணம், வேலைக்காக மெஷினை நிறுத்திவைத்த நேரத்தில் பனி உருகியதாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு மேல் மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. அடைத்த ஃபில்டரும் குறைந்த ஃபேன் வேகமும் காயிலுக்குப் போகும் காற்றைக் குறைத்தன. மலைக்காற்று கடலோரக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது என்பதால் அதே ஃபேன் சுற்றினாலும் காயிலுக்குக் கிடைக்கும் வெப்பம் குறைவு. காளான் அறையின் ஈரமோ, பனி கட்டத் தேவையான தண்ணீரை அள்ளிக் கொடுக்கிறது. ஒருமுறை பனி படிந்துவிட்டால் அதுவே காற்றை மறிக்கும், அதனால் இன்னும் பனி படியும். காரமடை நண்பர் சொன்ன ஒன்றரை டன் இதே அறையில் இன்னும் விரைவாக உறையும்.

இப்போதைக்கு ஏசியை நிறுத்தி, ஃபேன் மட்டும் ஓடும் நிலையில் வைத்துப் பனியை உருக விடுங்கள். திருப்புளியாலோ கத்தியாலோ குத்த வேண்டாம். காயிலில் ஓட்டை விழுந்தால் நிஜமாகவே கேஸ் போய்விடும். உறைந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்குள் போய் வால்வை உடைக்கக்கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று முறை ஏற்றியதில் கேஸ் அளவுக்கு மீறி இருக்கும். நல்ல ஆளாகப் பார்த்து, இருக்கும் கேஸை முழுதாக வெளியே எடுத்து, வேக்யூம் செய்து (குழாய்களில் மிஞ்சிய காற்றை உறிஞ்சி எடுத்து), மெஷினின் பெயர்ப்பலகையில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனையைத் தராசில் நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள். ஆர்-32 மெல்லத் தீப்பற்றும் தன்மை உடையது. மூடிய அறைக்குள் திறந்துவிட அனுமதிக்காதீர்கள்.

இரவுக்கு என்ன செய்வது என்கிறீர்களா? வெளியே 10 டிகிரி குளிர் சும்மா கிடக்கும்போது, தெர்மாகோல் ஒட்டிய அறைக்குள் கம்போஸ்டின் சூட்டைப் பூட்டிவைத்து, கரண்ட் செலவழித்து அதைக் குளிர்விக்கப் பார்க்கிறோம். காளானுக்கு அந்தக் காற்றை நேரடியாக விடலாமா என்பதை வளர்ப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பதில்: பூம்பாறை, கொடைக்கானல்

அக்கா, விடலாம். விட்டே ஆகவேண்டும். காம்பு நீண்டு குடை சிறுப்பது சூட்டினால் மட்டும் அல்ல. அறையில் கரியமிலவாயு தேங்கிவிட்டது. ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றுமே தவிர, புதுக் காற்றைக் கொண்டுவராது. இழை பரவும்போது அந்த வாயு கெடுதல் இல்லை. மொட்டு விடும் கட்டத்தில் அது 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கு) கீழே இருக்க வேண்டும்.

நாங்கள் கதவுக்கு எதிர்ச்சுவரில் உயரத்தில் ஒரு ஃபேனை உள்நோக்கி மாட்டி, அதன் வாயில் துளையிட்ட பாலித்தீன் குழாயைக் கூரையோரமாக நீளக் கட்டியிருக்கிறோம். குளிர்காற்று பையின் மீது நேராக அடித்தால் குடை செதில் செதிலாக வெடித்துப் பழுப்பாகிவிடும்; குழாய் வழியே வந்தால் கூரையில் பட்டுப் பரவி இறங்கும். காற்று வெளியேறக் கதவின் அடியில் ஒரு திறப்பு வேண்டும். இரண்டு திறப்புகளிலும் ஈ நுழையாத நெருக்கமான வலை கட்டாயம். நான் முதல் வருடம் கொசுவலையோடு நிறுத்திவிட்டு, சின்னக் கறுப்பு ஈக்களிடம் இரண்டாம் அறுப்பு முழுவதையும் இழந்தேன். தை, மாசியில் இரவுக்காற்று வறண்டிருக்கும். சுவரோரம் ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஈரப்பதத்தை 85 சதவீதத்துக்குக் குறையாமல் பாருங்கள். ஃபேனுக்கு ஒரு தெர்மோஸ்டாட் போட்டு, 15 டிகிரியில் நிற்கும்படி வைத்துவிட்டால் இரவில் எழுந்து பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஃபேனும் குழாயும் போட்டாயிற்று. இரவில் அறை 15-க்கும் 16-க்கும் இடையே நிற்கிறது. ஏசியைக் காலை பதினொன்று முதல் மாலை ஐந்து வரை மட்டும், ஃபேன் முழு வேகத்தில், 18-இல் வைத்து ஓட்டுகிறோம். பனி கட்டவே இல்லை. கேஸை வேறொரு மெக்கானிக் எடைபோட்டு ஏற்றினார். பலகையில் 700 கிராம் என்று இருக்கிறது. உள்ளிருந்து வந்தது 900-க்கு மேல். புதிதாக வரும் காளான்கள் குட்டையாகவும் உருண்டையாகவும் இருக்கின்றன. பகலிலேயே மூடுபனி இறங்கி வெளியே 14 டிகிரி ஆகும் நாட்களில் ஏசியைப் போடலாமா?

பதில்: குன்னூர், ஓய்வுபெற்ற குளிர்சாதன மெக்கானிக்

வேண்டாம் அம்மா. வெளியே 18-க்குக் கீழே இறங்கினால் கடிகாரம் என்ன காட்டினாலும் ஏசியை அணைத்துவிட்டு ஃபேனைப் போடுங்கள். அவுட்டோர் ஃபேனை இடையிடையே நிறுத்தி ஓடவைத்து அழுத்தத்தைக் காக்கும் ஸ்விட்ச் ஒன்று உண்டுதான். வாரண்டி இருக்கும் வரை அதில் கை வைக்காதீர்கள். காயிலை மட்டும் ஒவ்வோர் அறுப்புக்குப் பிறகும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். காளான் வித்துத்தூள் ஃபில்டரைத் தாண்டிப் போய்ப் படியும்.