மொட்டைத் தலையும் கிளினிக் வாங்கும்

உப்புவெளி அக்கா:
கீமோவில் முடி கொட்டத் தொடங்கியதும் மிச்சத்தையும் மழித்துவிட்டேன். திருகோணமலையில் ஒரு பொம்பிளை மொட்டையோடு சந்தைக்குப் போனால் "எந்தக் கோயில் நேர்த்தி?" என்றுதான் கேட்பார்கள், நானும் பத்திரகாளி அம்மனுக்கு என்று சொல்லிச் சொல்லியே சமாளித்தேன், ஏனென்றால் மார்புப் புற்றுநோய் என்றால் அடுத்த பேச்சு என் மகளின் கல்யாணத்தில் போய் நிற்கும். (பரம்பரையாக வருவது 100இல் 5 முதல் 10தான், அதை யாருக்கு விளக்குவது?) வீட்டிலோ தேங்காய் துருவக்கூட விடமாட்டார்கள். கிளினிக் வாங்கில், அந்த நீளப் பெஞ்சில்தான் பழையபடி வாயாடியானேன். அங்கே ஒரு கிண்ணியாத் தங்கச்சி, மார்பை எடுத்ததில் என் சாரிச் சட்டை ஒரு பக்கம் தொங்குவதைப் பார்த்து, உள்ளே பை வைத்துத் தைக்கச் சொல்லித் தந்தாள்: புண் ஆறும்வரை வெறும் பஞ்சு, பிறகு கொஞ்சம் பாரம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஏறிவிடும்.

கிண்ணியா:
அந்தத் தங்கச்சி நான்தான் அக்கா. உங்கள் மொட்டை ஊருக்கே தெரிந்தது, எனக்குப் பர்தா எல்லாவற்றையும் மூடிவிட்டது, ஒருவருக்கும் தெரியாது, அதனால் பேசவும் ஒருவரும் இல்லை. உம்மாவும் இப்படித்தான் கட்டியை மறைத்தா. 2009க்கு முன் பாலம் கிடையாது, பாதையில் (மிதவைப் படகில்) ஏறித்தான் டவுனுக்கு வர வேண்டும், ஆனால் பாலம் இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டா, ஆம்பிளை டொக்டருக்குக் காட்ட வேண்டுமே என்ற பயம். 35 வயதானால் சுகவனிதையர் கிளினிக்குக்கு (வருத்தம் தெரியுமுன்னமே பொம்பிளைகளைச் சோதித்துப் பார்க்கிற இடம்) போங்கள் என்று இப்போது கல்யாண வீட்டில்கூடச் சொல்கிறேன், மாமி முறைக்கிறா. அப்புறம், ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கை கனத்தாலோ வீங்கினாலோ தைலம் தேய்த்துக்கொண்டிராமல் போய்க் காட்டுங்கள்.

சல்லிக் கடல்:
நான் ஆம்பிளை. எனக்கும் அதே மார்புப் புற்றுநோய்தான். இது வருகிறவர்களில் 100க்கு ஒருவர்கூட ஆண் இல்லையாம், அதற்குள் வலை இழுக்கிற நான் அகப்பட்டேன். மனைவியைக் கூட்டி வந்தவன் என்று எல்லோரும் நினைத்திருக்க, தாதி கூப்பிட்டதும் நான் எழும்பினேன், வாங்கு முழுக்க என்னைத்தான் பார்த்தது. பிறகு ஒரு அம்மா மெல்ல, "தம்பிக்கும் தமொக்சிபென் குளிசையா? உடம்பு தகிக்குதா?" என்றார். ஓம் என்றேன். விடியற்காலைக் கடல் காற்றிலும் வேர்த்துக் கொட்டுவதைக் கூட்டாளிகளிடம் சொன்னதில்லை, அவரிடம் சொன்னேன். இப்போது மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் எனக்கும் சேர்த்து இடியப்பம் கட்டி வருகிறார்கள். சம்பலுக்குத்தான் உறைப்புக் காணாது.