மரப்பலகையில் மீன் சுடுவது: எந்த மரம், எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

மீன்பிரியை:
வணக்கம். வீட்டில் மூடி போட்ட கேஸ் கிரில் இருக்கிறது. மீனைக் கம்பி மேல் நேரடியாக வைத்தால் தோல் ஒட்டிக்கொள்கிறது, திருப்பும்போது பாதிச் சதை கம்பியிலேயே தங்கிவிடுகிறது. பலகை மேல் வைத்துச் சுட்டால் அந்தத் தொல்லை இல்லை, புகை வாசமும் ஏறும் என்கிறார்கள். அலமாரி செய்தபோது மிஞ்சிய பலகைத் துண்டுகள் வீட்டில் கிடக்கின்றன. அவற்றையே கழுவிப் பயன்படுத்தலாமா? எவ்வளவு நேரம் ஊற வேண்டும்? பலகை தீப்பிடிக்காதா?

உளியும்உலையும்:
சகோதரி, முதலில் அந்த அலமாரித் துண்டுகளைத் தள்ளி வையுங்கள். நான் தச்சு வேலை செய்கிறவன், மீன் சுடுவதிலும் எனக்குப் பெரிய ஆசை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அலமாரிப் பலகை பெரும்பாலும் பிளைவுட்டாக இருக்கும். அதன் அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடும். முழு மரமாகவே இருந்தாலும் பாலிஷ், வார்னிஷ், பூச்சி மருந்து எது ஏறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். மருந்தேற்றிய மரத்தில் செம்பு உண்டு, பழசானால் ஆர்சனிக்கூட இருக்கும். கழுவினால் இதெல்லாம் போகாது.

பைன் வேண்டாம், பிசின் எரிந்து மீனில் டர்பன்டைன் வாடை ஏறும். தேக்கும் வேண்டாம், அதன் தூள் பட்டாலே சிலருக்குத் தோல் அரிக்கும். சமையலுக்கென்றே விற்கும் வெஸ்டர்ன் ரெட் சீடார் பலகைதான் இதற்குப் பேர்போனது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்து மரம் அது, வாசம் தூக்கலாக இருக்கும். மென்மையான வாசம் போதும் என்றால் ஆல்டர், மேப்பிள், ஆப்பிள் மரம். ஒரு எச்சரிக்கை: சீடாரை வீட்டுக்குள் அறுக்காதீர்கள். அந்தத் தூளில் உள்ள ப்ளிகாட்டிக் அமிலம் எங்கள் தொழிலில் பலருக்கு ஆஸ்துமாவைக் கொடுத்திருக்கிறது.

கனம் 1 முதல் 1.5 செ.மீ. இருக்கட்டும். குறைந்தது 1 மணி நேரம் ஊற வேண்டும், 2 மணி என்றால் இன்னும் நல்லது. பலகை மிதக்கும், மேலே கனமாக எதையாவது வையுங்கள். ஊறிய ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். அடிப்பக்கம் கருகிப் புகைய, மேலே மீன் ஆவியிலும் மூடிக்குள் சுழலும் சூட்டிலும் வேகும். திருப்பவே தேவையில்லை.

தீப்பிடிப்பது பெரும்பாலும் ஓரத்தில்தான். மீனைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மேல் பலகை வெறுமையாகத் தெரியக்கூடாது. எண்ணெய் வழிகிற மசாலாவும் ஆகாது, சொட்டினால் தீ எழும்பும். கிரிலை 200 டிகிரி அளவில் வைத்து, வெறும் பலகையை 3, 4 நிமிடம் சூடாக்குங்கள். லேசாகப் புகைந்ததும் புரட்டி, சூடேறிய பக்கத்தில் மீனைத் தோல் கீழே இருக்கும்படி வைத்து மூடிவிடுங்கள். கையருகே தண்ணீர் தெளிப்பான் இருக்கட்டும்.

2.5 செ.மீ. கனமுள்ள சால்மன் துண்டு 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். கனமான இடத்தில் தெர்மாமீட்டரைக் குத்தி 63 டிகிரி காட்டினால் எடுத்துவிடுங்கள். அது இல்லையென்றால் முள்கரண்டியால் மெல்லத் திருகிப் பாருங்கள். இதழ் இதழாகப் பிரிந்து, நடுவில் கண்ணாடி போன்ற பளபளப்பு போயிருந்தால் சரி.

அடுப்படிஅக்கா:
தம்பி மரத்தைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், நான் மீனைப் பற்றிச் சொல்கிறேன். 1 லிட்டர் தண்ணீரில் 60 கிராம் உப்பு கரைத்து, துண்டுகளை 10 நிமிடம் போட்டெடுத்து நன்றாகத் துடைத்துவிடுங்கள். சால்மன் மேல் வெள்ளையாகத் திரண்டு நிற்குமே, அது ஆல்புமின் என்ற புரதம். உப்புநீரில் போட்டெடுத்தால் அவ்வளவாக வராது. கொழுப்புள்ள மீன்தான் புகையை நன்றாக வாங்கும். கானாங்கெளுத்தியும் இதற்கு அருமை. கொடுவாய் போன்ற மெலிந்த சதைக்கு மேலே கொஞ்சம் வெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

ஓவனிலும் செய்யலாம், பலகைக்குக் கீழே ஒரு தட்டு கட்டாயம். புகை குறைவாகத்தான் வரும், வாசமும் அப்படியே. கரி அடுப்பை மட்டும் வீட்டுக்குள்ளோ மூடிய பால்கனியிலோ மூட்டவே மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

மீன்பிரியை:
ரொம்ப நன்றி. அலமாரித் துண்டுகளைக் கட்டி எடுத்து வைத்துவிட்டேன், சீடார் பலகையே வாங்குகிறேன். ஒரு தடவை சுட்டதை மறுபடி பயன்படுத்தலாமா?

உளியும்உலையும்:
அடிப்பக்கம் மட்டும் கருகியிருந்தால் இன்னொரு முறை தாங்கும். சோப்பு போடாதீர்கள், மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்து, நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். பாதிக் கனத்துக்குக் கருகிவிட்டால் எறிந்துவிட வேண்டியதுதான். அதையும் நேராகக் குப்பையில் போடாதீர்கள். மரத்தின் இழைக்குள் கனல் வெகுநேரம் மறைந்திருக்கும். வாளித் தண்ணீரில் முழுக அமிழ்த்தி வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.