சுங்குடிச் சேலையின் முதல் அலசல்

பிரியா: பெரியம்மா, மதுரையில் நீங்கள் எடுத்துக் கொடுத்த சுங்குடியை இப்போதுதான் பிரித்தேன். குங்குமச் சிவப்பில் அந்த வெள்ளைப் புள்ளிகள் அவ்வளவு அழகு! வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டலாம் என்றிருக்கிறேன். அலசிவிட்டுக் கட்டவா, அப்படியே கட்டிக்கொள்ளவா?

பெரியம்மா: அப்படியே கட்டாதே கண்ணு. வியர்வை பட்டால் உள்பாவாடை, ரவிக்கை எல்லாம் சிவப்பாகிவிடும். ஒரு கைப்பிடி கல் உப்பு போட்டு ராத்திரி ஊறவை. காலையில் அலசிக் காயப்போடு. எங்கள் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஈரோடு மாமா: அக்கா, ராத்திரி ஊறவைப்பது மட்டும் வேண்டாம். பிரியா, வாளியை எடுத்துவிடாதே, எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெரியம்மா: ஏன்டா? உப்புப் போட்டால் தண்ணீரில் சாயமே இறங்காதே. கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஈரோடு மாமா: நீங்கள் பார்த்தது சரிதான் அக்கா. உப்புத் தண்ணீரில் சாயம் இறங்காமல் நூலோடு நிற்கும். சாயப்பட்டறையில் சாயத் தொட்டிக்குள் உப்பைக் கொட்டுவதே அதற்குத்தான். ஆனால் உப்பு போனதும் அந்தப் பிடியும் போய்விடும். அடுத்த தடவை வெறும் தண்ணீரில் முக்கினால் நின்ற சாயம் இறங்கும். அதனால்தான் சாயம் ஏற்றி முடித்ததும் முதலில் உப்பை அலசி எடுப்போம், அப்புறம்தான் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைப்போம். உப்பு இருந்தால் ஒட்டாத சாயம் வெளியே வராது.

கவிதா அக்கா: ஒட்டாத சாயம் என்றால்? சாயம் என்றாலே ஒட்டுவதுதானே மாமா?

ஈரோடு மாமா: இப்போது பருத்திக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். 1956-இல் விற்பனைக்கு வந்தது. அது நூலோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடும். பிணைந்த சாயம் நீ எத்தனை தடவை துவைத்தாலும் சுலபத்தில் போகாது. ஆனால் தொட்டியில் போட்டது முழுக்கப் பிணையாது. ஒரு பங்கு நூலோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அது நூலுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். அதைச் சரியாகக் கழுவி எடுக்காமல் விட்ட துணிதான் வீட்டுக்கு வந்து சாயம் விடும். அந்தச் சாயத்தை நாம் காப்பாற்ற வேண்டியதில்லை. பக்கத்தில் ஒட்டவிடாமல் வெளியே அனுப்பிவிட வேண்டும்.

கவிதா அக்கா: வினிகர் ஊற்றச் சொல்லி எல்லா வீடியோவிலும் வருகிறதே. படிகாரமும் சொல்கிறார்கள்.

ஈரோடு மாமா: வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயத்துக்குக் கொஞ்சம் உதவும். பருத்தியில் ஏறிய ரியாக்டிவ் சாயத்தை அது பிடித்துவைக்காது. படிகாரம் சாயவேர், மஞ்சிட்டி மாதிரி இயற்கைச் சாயத்துக்கானது. அதுவும் சாயம் ஏற்றும்போதே சேர்க்க வேண்டும். கடையில் வாங்கி வந்த சேலைக்கு இரண்டுமே வீண் செலவு.

பெரியப்பா: அந்தக் காலத்தில் சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி விற்றிருக்கிறார்கள். 1950-களின் கடைசியில் நம் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்குப் போனது. துவைத்ததும் சாயம் ஓடி ஒரே புகார். அப்புறம் "சாயம் ஓடும், உத்தரவாதம்" என்று விளம்பரமே செய்தார்கள். கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்குவது அங்கே நாகரிகமாகிவிட்டது.

ஈரோடு மாமா: கட்டம் கலங்கினால் சரி பெரியப்பா. சுங்குடியில் வெள்ளைப் புள்ளி சிவந்தால் என்ன மிச்சம்? பிரியா, ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, உள்பக்கம் சொருகும் இடத்தில் அழுத்தித் தேய்த்துப் பார்.

பிரியா: [படம்] துணியில் நல்ல ரோஸ் நிறம் வருகிறது மாமா. இன்னொன்று, சில புள்ளிகளின் ஓரம் இப்போதே கலங்கலாக இருக்கிறது. ஏற்கெனவே சாயம் ஓடிவிட்டதா?

ஈரோடு மாமா: இல்லம்மா. கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிய சேலை அது. முடிச்சின் விளிம்பில் சாயம் லேசாக உள்ளே இறங்கும். ஒரு புள்ளி போல் இன்னொன்று இருக்காது. கைவேலை என்பதற்கு அதுதான் அடையாளம். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள் என்றால் இந்தக் கைவேலைக்காகத்தான். இப்போதே புள்ளிகளைக் கிட்டத்தில் படம் எடுத்து வை. அலசிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிரியா: எடுத்துவிட்டேன். இனி என்ன செய்ய?

ஈரோடு மாமா: இருப்பதிலேயே பெரிய டப் எடு. நிறையப் பச்சைத் தண்ணீர், ஒரு ஸ்பூன் ஷாம்பு. சோப்புத்தூளும் கட்டிச் சோப்பும் வேண்டாம், காரம் அதிகம். சேலையை முழுக்கப் பிரித்து முக்கி, கையை நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இரு. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் உள்ளே விடாதே. உடனே அடுத்த தண்ணீருக்கு மாற்று. தண்ணீர் குறைவாக இருந்தால் சாயம் அடர்த்தியாகி வெள்ளையில் ஏறும். தெளியும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு.

கவிதா அக்கா: என் பச்சைச் சேலைக்கும் இதேதானா? அதில் புள்ளியும் இல்லை, கரையும் இல்லை.

ஈரோடு மாமா: முழுக்க ஒரே நிறப் பருத்தி என்றால் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே அலசு. ஒட்டாத சாயம் சீக்கிரம் வெளியேறிவிடும். தனியாக மட்டும் போடு.

பிரியா: முதல் தண்ணீர் செம்பருத்திச் சாறு மாதிரி இருந்தது, பயந்துவிட்டேன்! மூன்றாவது வெளிர் ரோஸ். இப்போது டப்பின் அடி தெரிகிறது. பிழிந்து வாளியில் வைத்துவிட்டு, சமையலை முடித்து வந்து காயப்போடவா?

ஈரோடு மாமா: வைக்காதே! முக்கால்வாசிச் சேலை கெடுவது அந்த வாளியில்தான். ஈரத்தோடு குவிந்து கிடந்தால் ஒரு மடிப்பின் சாயம் அடுத்த மடிப்பின் வெள்ளையில் இறங்கும். முறுக்காமல் பழைய வெள்ளைத் துண்டில் சுருட்டி அழுத்து. உடனே பிரித்து நிழலில் போடு. ஒரு பாதி இன்னொரு பாதியைத் தொடக்கூடாது.

பிரியா: பால்கனியில் இரண்டு கொடிக்கும் சேர்த்து விரித்துவிட்டேன். மின்விசிறியும் ஓடுகிறது. [படம்] புள்ளிகள் காலையில் எடுத்த படத்தில் இருப்பது போலவே இருக்கின்றன!

பெரியம்மா: நல்ல வேளை. என் கண்ணே பட்டுவிடும் போல இருக்கிறது.

அருண்: மாமா, எனக்கும் ஒன்று. விடுதி வாஷிங் மெஷினில் யாரோ போட்ட சிவப்புத் துணியால் என் வெள்ளைச் சட்டை ரோஸாகிவிட்டது. காய்ந்தும் போச்சு.

ஈரோடு மாமா: பருத்தியா? கலர் நூல், அச்சு ஏதும் இல்லையே? சோடியம் பெர்கார்பனேட் உள்ள கறை நீக்கும் தூளை வெந்நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவை. காய்வதற்கு முன் செய்திருந்தால் இன்னும் சுலபம். போகாவிட்டால் இன்னொரு தடவை. பட்டிலும் கம்பளியிலும் மட்டும் இதைப் போட்டுவிடாதே.

பெரியம்மா: சேலைக்குக் கஞ்சி போட்டால்தான் நிற்கும். நாளைக்குப் போடட்டுமா?

ஈரோடு மாமா: இப்போதைக்கு வேண்டாம் அக்கா. இன்னும் இரண்டு அலசல் ஆகி, தேய்த்துப் பார்க்கிற வெள்ளைத் துணியில் நிறம் வராமல் இருக்க வேண்டும். அப்போதும் கஞ்சியை நன்றாக ஆறவைத்துப் போடுங்கள்.

பிரியா: அப்போ வெள்ளிக்கிழமை கஞ்சி இல்லாமலே கட்டுகிறேன். சிவப்பு உள்பாவாடை இருக்கிறது.

பெரியம்மா: அது போதும். இஸ்திரியை உள்பக்கமாகப் போடு கண்ணு.